சங்கிலியை இழுத்துப் பார்ப்பவள்

அவளுக்கு மலாயில் மூன்றோ நாலோ வார்த்தைதான் தெரியும். அதில் ஒன்று 'பெலும்'. இன்னும் இல்லை என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு வெள்ளைக்காரத் துரையைச் செம்மண் ரோட்டில் கால்மணி நேரம் நிறுத்தி வைத்ததை நான் கண்ணால் பார்த்தவன்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகிற ரயில் பாதையில், பத்து தீகா ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம், தோட்டத்து ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் ஒரு கேட். அன்றைக்கு நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. சரக்கு வண்டிக்கு வழிவிடுவதற்காக எங்கள் டிராலியைப் பாதையை விட்டுத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கேட்டுக் குடிசையின் தாழ்வாரத்தில் நான் ஒரு புத்தகத்தோடு ஒதுங்கியிருந்தேன். கேட் சாத்தியிருந்தது. பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை தானே மோட்டார் ஓட்டிக்கொண்டு வந்தவன், ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்தினான். பிறகு இறங்கி வந்து 'புக்கா, புக்கா', திற, திற, என்று மலாயில் கத்தினான். பாதையின் இரண்டு பக்கமும் கையை நீட்டிக் காட்டினான். ரயிலும் இல்லை, புகையும் இல்லை. அவன் சொல்வது நியாயம்தானே என்று எனக்கே பட்டது.

கேட்டுக்காரன் பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டும் தலைப்பாகையுமாக, சுருட்டிய கொடியோடு அசையாமல் நின்றான். "பெலும், துவான்", இன்னும் இல்லை, துரை, என்றான்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினேன். அது பெண் குரல்.

வண்டி வந்தது, போனது. அவள் கேட்டைத் திறந்துவிட்டாள். துரை முறைத்துக்கொண்டே மோட்டாரை ஓட்டிப் போனான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை, எஞ்சினிலிருந்து விழுந்த கரித்துண்டுகளை அடுப்புக்குப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஆள் கணக்கு ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். அதில் அந்தக் கேட்டுக்கு ஒரு ஆண்பிள்ளையின் பெயர் இருந்தது. மாதம் இரண்டு தரம் அந்தப் பெயருக்கு நேராக 'ஆள் இருக்கிறான்' என்று டிக் போட்டு வந்தவன் நான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ரயில்வேப் பாதை ஆபீசில் அப்போது எனக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. நாலு பேர் டிராலியைத் தள்ள, முன்னால் இன்ஸ்பெக்டர் துரை உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்; அன்றைக்கு அவர் முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டார். பின்னால் நான் ரெஜிஸ்டரும் குடையுமாக உட்கார்ந்து ஆட்களைப் பார்க்க வேண்டும். பார்த்த லட்சணத்தைத்தான் சொல்கிறேனே. காக்கிக் கோட்டு தெரிந்தது, தலைப்பா தெரிந்தது, பச்சைக்கொடி தெரிந்தது, டிக் போட்டேன். கோட்டுக்குள்ளே யார் என்று பதினாலு மாதம் பார்க்கவில்லை. டிராலி தள்ளுகிற நாலு பேருக்கும் விஷயம் தெரியும். எனக்கும் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். பிறகு கேட்டபோது, "கிராணியாருக்குத் தெரியாம இருக்குமா?" என்று சிரித்தார்கள்.

எங்கே பார்ப்பது? எனக்கு இருபத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தது. அந்த வயதில் மனுஷனுக்குத் தன்னைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஊரிலிருந்து அப்பா மாதம் தவறாமல் எழுதுவார்: 'முப்பது வயதில் நான் மூன்று பிள்ளைக்குத் தகப்பன். நீ என்ன செய்வதாக உத்தேசம்?' உத்தேசம் என்று ஒன்று இருந்தால்தானே எழுத. சுருக்கெழுத்து கற்றேன், பாதியில் நிற்கிறது. ஆர்மோனியம் வாங்கினேன், அது கட்டிலுக்கடியில் கரப்பானுக்கு வீடாயிற்று. வக்கீலுக்குப் படிக்கலாமா, தோட்டத்துக் கிராணியாகப் போகலாமா, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று மாதத்துக்கு ஒரு யோசனை. கூட ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன் எனக்கு ஆறுதல் சொல்வான்: "முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்ல, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லப்பா." நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. வாழவும் இல்லை, தாழவும் இல்லை, சும்மா டிராலியில் போய்க்கொண்டிருந்தேன். கையில் கிட்டியது ஒன்றே ஒன்றுதான். ஆபீசில் இரண்டாம் கிராணி இடம் காலியாகப் போகிறது, அது எனக்குத்தான் என்று பேச்சு. முப்பதாவது வயதுக்குள் அது வந்துவிட்டால் அப்பாவுக்கு எழுத ஒரு வரி கிடைக்கும்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெண் குரல்.

கிட்டே போய், ரெஜிஸ்டரில் இருந்த பெயரைச் சொல்லி, "அவர் எங்கம்மா?" என்றேன்.

"அவரு போயிப் பதினாலு மாசம் ஆச்சுங்களே" என்றாள். உங்களுக்குத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

கருவாடு போல உலர்ந்த முகம். கழுத்து எலும்பு கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. நாற்பது வயது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு உட்காரத் தோன்றியது. ஆனால் அவள் நின்றுகொண்டே சொன்னதால் நானும் நின்றேன். புருஷன் காய்ச்சலில் கிடந்தானாம். விடியற்காலை முதல் வண்டிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மூச்சு நின்றுவிட்டது. அவள் தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அதிர்வு இருந்தது. உள்ளே ஓடி வந்து, அவன் மேல் போர்த்தியிருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டு பக்கத்துக் கேட்டையும் சாத்தினாள். கோட்டு எதற்கு என்று கேட்டேன். பொம்பளை கொடி காட்டினால் டிரைவர் என்னவோ ஏதோ என்று வண்டியை நிறுத்திவிடுவானாம். பச்சைக்கொடி காட்டி வண்டியை அனுப்பிவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே போய் அழுதாளாம். இதை அவள் பெருமையாகவும் சொல்லவில்லை, துக்கமாகவும் சொல்லவில்லை. 

பாதைக் கூலிகளுக்குத் தலைவனான தண்டல் மத்தியானம் வந்திருக்கிறார். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு, "நீயே நில்லும்மா, ஆபீசுல நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர்தான். சொல்வதற்குள் ஊருக்குக் கப்பல் ஏறியவர், திரும்பி வரவே இல்லை. இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தனக்கு வேலை எழுதியாகிவிட்டது என்று நினைத்து, சம்பளத்தைக் கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு, பதினாலு மாதமாகப் பொத்தானைப் புளி போட்டுத் துலக்கி நின்றிருக்கிறாள்.

"ரெஜிஸ்டர்ல இன்னும் உன் புருஷன் பேருதாம்மா இருக்கு" என்றேன்.

"அப்ப நானு?"

"நீ இல்ல."

"நான் இல்லன்னா இந்தக் கேட்டை யாரு சாத்தினது?"

நான் ரெஜிஸ்டரைப் பிரித்து அந்தப் பெயரைக் காட்டினேன். அதை உற்றுப் பார்த்தவள், "அப்ப அவருக்குச் சாவும் எழுதல, எனக்கு வேலையும் எழுதல" என்றாள்.

நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை, இப்படியே இருக்கட்டும், தலைப்பாகையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொள், நான் டிக் போட்டுக்கொண்டே வருகிறேன் என்றேன். அவளுக்கு நல்லது செய்வது போலத்தான் பேசினேன். உள்ளே இருந்த பயமெல்லாம் எனக்காகத்தான். விஷயம் வெளியே வந்தால் இரண்டாம் கிராணி வேலை போச்சு. இருக்கிற வேலையே தங்குமோ தங்காதோ.

அவள் கேட்டுச் சங்கிலியை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். அது அவள் வழக்கம். சாத்தி, கொக்கியை மாட்டி, ஒருதரம் இழுத்துப் பார்க்காமல் கையை எடுக்க மாட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை வண்டியோ, ஒவ்வொன்றுக்கும், இரண்டு பக்கமும். யோசனை வந்தால்கூட இழுத்துப் பார்ப்பாள் போல.

"நான் ஆபீசுக்கு வந்து உங்க துரைகிட்ட சொல்றேன்" என்றாள்.

கெஞ்சினேன். எனக்கு முப்பது ஆகப் போகிறது, இத்தனை வருஷத்தில் இது ஒன்றுதான் கைக்கு வந்திருக்கிறது என்றெல்லாம், ஒரு கேட்டுக்காரியிடம், நான் சொல்லிப் புலம்பினேன். எந்தப் பக்கம் போவது என்றே எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

"இந்த வண்டி எங்க போவுதுன்னு எனக்குந்தான் தெரியாது. நான் கிள்ளானைப் பாத்ததில்ல" என்றாள். சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் படும் பாடு அவளுக்கு உறைக்கவே இல்லை. அவளுக்கு வேறு கவலை. "நான் போனா கேட்டுக்கு ஆள் வேணுமே. நீங்க நிப்பீங்களா?"

ஏன் தலையாட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 'மாட்டேன்' என்கிற வார்த்தை அவள் முகத்துக்கு நேரே வரவில்லை, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லப் போகிறவளுக்குத் துணையாக நிற்பதற்கு நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டேன். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் என்னை உடனே விடவில்லை. மூன்று தரம் கேட்டைச் சாத்தித் திறக்கச் சொன்னாள். மூன்றாவது தரமும் உதட்டைப் பிதுக்கினாள். உள்ளங்கையைத் தண்டவாளத்தில் எங்கே வைப்பது, தோட்டத்தில் மணி காட்ட இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டால் எந்த வண்டிக்கு எவ்வளவு நேரம், மாடு மிரண்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோட்டைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். அக்குளில் இறுக்கியது. இராத்திரிக்கு உபயோகிக்கிற கைவிளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், பத்து தீகா ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். விளக்கு எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவள் ஏறுகிற வண்டி அவளுடைய கேட்டைத் தாண்டித்தான் கோலாலம்பூர் போக வேண்டும். நான் நேரம் பார்த்துக் கேட்டைச் சாத்தினேன். ஒரு மாட்டுவண்டிக்காரர் வந்து நின்றார். "யாரு தம்பி புதுசா? வண்டியத்தான் காணோமே, தொறந்து விடேன்லா" என்றார். கை பரபரத்தது. ஒரு நிமிஷ வேலை, திறந்துவிட்டால் அவரும் நல்ல பேர் சொல்லிவிட்டுப் போவார். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான், யாராவது கேட்டால் திறந்து விட்டுவிடுவேன். துரை கத்தியபோது அவள் நின்ற நிலை ஞாபகம் வந்தது. "மூடினா மூடினதுதான் அண்ணே" என்றேன். 

ரயில் வந்தது. கொடியைப் பிடித்தேன். அத்தனை இரும்பும் நெருப்பும் என் கையிலிருந்த ஒரு முழத் துணியை நம்பி வருகிறதே என்று அப்போதுதான் உறைத்தது. டிராலியில் உட்கார்ந்து எத்தனை கொடியைப் பார்த்திருப்பேன், ஒருநாளும் இது தோன்றியதில்லை. மூன்றாம் வகுப்பு ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. கேட்டுக்கு வந்தபின் முதல்முதலாக ரயில் ஏறியவள், வேடிக்கை பார்க்கவில்லை, கையசைக்கவில்லை. அவள் கண் நேராகக் கேட்டுச் சங்கிலிக்குப் போனது. வலது கையை வெளியே நீட்டி வெடுக்கென்று ஒருதரம் இழுப்பது போலக் காட்டினாள். வண்டி போய்விட்டது.

திரும்பிச் சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். கொக்கி கையோடு வந்துவிட்டது. மாட்டவே இல்லை, மாட்டியது போல் இருந்தது. மாடு ஒரு முட்டு முட்டியிருந்தால் கேட் பாதைக்குள் திறந்திருக்கும். மாட்டுவண்டிக்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் கேட்டைத் திறந்துவிட்டேன். ஓடுகிற ரயிலிலிருந்து அவளுக்கு அது எப்படித் தெரிந்தது? தெரிந்திருக்காது. இவன் இழுத்துப் பார்த்திருக்க மாட்டான் என்று மட்டும் தெரிந்திருக்கும்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் இன்னும் மூன்று வண்டிகள் போயின. இழுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தரமும், இரண்டு பக்கமும். முப்பது வயதைப் பற்றி அன்று முழுக்க ஒருதரம்கூட நினைக்கவில்லை என்பது, அவள் விளக்கோடு திரும்பி வந்து நிற்கும்போதுதான் தெரிந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்றேன். அக்கா என்று எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. காலையில் 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னாரு."

"என் பேரு…"

"உங்க பேரு எதுக்கு? கோட்டுல நின்னது நான்தானே." கோட்டை வாங்கிப் பொத்தான்களை எண்ணிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

அங்கே நடந்ததை மறுநாள் எங்கள் பெரிய கிராணி சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் யாரையும் மெச்ச மாட்டார். அவர்தான் துரைக்கு மொழிபெயர்த்தவர். அவள் நேரே உள்ளே போய்க் கைவிளக்கைத் துரையின் மேசைமேல் வைத்தாளாம். என் புருஷன் செத்துப் போனார், அதை எழுதுங்கள். கேட்டில் நிற்பது நான். வேறே ஆள் போடுவதென்றால் இந்த விளக்கை அவனிடம் கொடுங்கள், நான்தான் என்றால் என் கையில் கொடுங்கள். இவ்வளவுதான் பேச்சு. துரை பழைய புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கேட்டில் பதினாலு மாதத்தில் ஒரு விபத்தோ புகாரோ உண்டா என்று பார்த்திருக்கிறார். ஒன்றுமே இல்லை. யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, விளக்கை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாராம்.

"ஆர் டிக் போட்டதெண்டு துரை ரெண்டு தரம் கேட்டவர். அவ வாயே திறக்கேல்ல, தம்பி" என்றார் பெரிய கிராணி. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். டிக்கெல்லாம் என் கையெழுத்துதான் என்பது அவருக்குத் தெரியும். அவரும் வாயைத் திறப்பதாக இல்லை.

அப்படியே விட்டிருக்கலாம். இரண்டாம் கிராணி வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கொக்கி என் கையோடு வந்ததே, அது என்னை விடவில்லை. மாட்டியது போல் இருந்த ஒன்றை எத்தனை நாளைக்கு வைத்துக்கொண்டிருப்பது? மத்தியானம் சாப்பிடாமல் துரையின் அறைக்குள் போய், பார்க்காமல் டிக் போட்டவன் நான்தான் என்று சொன்னேன். நேற்று வந்த காய்ச்சலும் பொய் என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இரண்டாம் கிராணி வேலை அடுத்த வாரமே வேறொருவனுக்குப் போயிற்று. எனக்கு ஒரு தண்டனை: இனி உனக்கு டிராலி கிடையாது, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் நடந்து போய், பாதையில் நிற்கிற ஒவ்வொரு ஆளையும் முகத்தைப் பார்த்துப் பெயரும் வயதும் புதிதாக எழுதிக்கொண்டு வா.

அந்த நடையில்தான் எனக்கு முப்பது பிறந்தது. கல்லும் வெயிலும் அட்டைக்கடியுமாகப் பிறந்தது. இன்னும் இரண்டு பெயர்கள் தப்பாக இருந்ததையும் கண்டுபிடித்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் கேட்டுக்கு வந்தேன். அவள் பெயரை எழுதத் துரை சம்மதம் கொடுத்திருந்தார். அந்தப் பெயரை இங்கே நான் சொல்லப் போவதில்லை. அது எழுதப்பட வேண்டிய இடத்தில் என் கையாலேயே எழுதியாயிற்று, அது போதும்.

"வயசு?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? கப்பல் ஏத்தறப்ப மூஞ்சியப் பாத்து ஒண்ணு எழுதுனாங்க." கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஊருத் தேரு அச்சு முறிஞ்சு நடுவீதில நின்ன அன்னிக்குத்தான் நான் பொறந்தேனாம். மருத்துவச்சி தேர் பாக்கப் போயிட்டா, ஆத்தா தனியாப் பெத்துச்சாம்."

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம்தான். அந்தத் தேர் அச்சு முறிந்ததை எங்கள் வீட்டில் நூறு தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாராம். எனக்கு அப்போது மூன்று வயது.

பென்சிலோடு நின்றுவிட்டேன். விரலை மடக்கி ஒருதரம் எண்ணினேன், நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் எண்ணினேன். இருபத்தேழு. பிணத்தின் மேலிருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டிக்கு வழிவிட்டபோது அவளுக்கு இருபத்தாறுகூட முழுசாக முடிந்திருக்காது. எனக்கு அந்த வயதில் ஆர்மோனியம் வாங்கலாமா வேண்டாமா என்று யோசனை.

"எவ்வளவு வருது?" என்றாள்.

சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று ஆச்சரியப்பட்டாள். அவளே இன்னும் கூட இருக்கும் என்று நினைத்திருந்தாளாம். பிறகு குனிந்து தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்தாள். "வண்டி வருது. அந்தப் பக்கம் நீங்க சாத்துங்க" என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கத்துக்கு ஓடினாள்.

ரெஜிஸ்டரைக் கல்மேல் வைத்துவிட்டுப் போய்ச் சாத்தினேன். ரயில் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொடியை விரித்தபடி, "சங்கிலி?" என்று கேட்டாள்.

"இழுத்துப் பாத்துட்டேன்க்கா" என்றேன்.